வாசலும் படியும்: ‘குறைபாடு’ என்ற சொல்லின் வரலாறு

திருவாரூரிலே பிறவிமுதலே கண்ணொளி இல்லாதவராய் வாழ்ந்த தண்டியடிகள், கமலாலயத் திருக்குளம் தூர்ந்து ஒடுங்கிக் கிடந்ததை அறிந்து அதனைத் தாமே தோண்டத் துணிந்தார் என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு. நம்முட் பலர் இதனைச் சைவசமய வகுப்பிலே படித்திருப்பர். நான் படித்தது மிஷன் பாடசாலையாதலால் வகுப்பிலே படித்திலேன். அம்மம்மா சொல்லக் கேட்டேன். கண் தெரியாதவர் குளம் வெட்டியது எப்படி? குளத்தினுள்ளே ஒரு தறியும் கரையிலே ஒரு தறியும் நட்டார். இரண்டுக்கும் இடையே கயிறு கட்டினார். அக்கயிற்றைத் தடவிக்கொண்டு இறங்குவார். மண்ணை வெட்டிக் கூடையிலே சுமந்து, அதே கயிற்றைத் தடவிக்கொண்டு கரையேறுவார். அவரோடு மாறுபட்டோர் வந்து தடுத்தபொழுது மண்வெட்டியையும் கூடையையும் பறித்ததோடு அமையவில்லை. தறியையும் கயிற்றையும் பிடுங்கி எறிந்தனர். அடியவர் முறையிட்டார். முறைப்பாடு இறுதியிலே அரசனிடம் போய், அரசன் குளக்கரைக்கே வந்து விசாரித்தான்.

இக்கதையைச் சொல்வோர் அனைவரும், அடிகளுக்குக் கண்பார்வை கிடைத்த அற்புதத்தையே பெரிதாகச் சொல்வர். அது பக்தர்க்கு உரியது. அதிலே நமக்கு வழக்கில்லை. ஆனால் சட்ட வரலாற்றைப் படிக்கப் புகுந்த எனக்கு அந்தக் கயிறே பெரிதாகத் தோன்றுகிறது. கயிறு இருந்த வரையில் அடிகள் குளம் வெட்டும் ஒரு தொழிலாளி. கயிறு போனபிறகே அவர் கண்ணில்லாதவர் ஆனார். குறை அவர் கண்ணிலே இருந்ததா, கயிற்றைப் பிடுங்கியவர் கையிலே இருந்ததா? உலகத்துச் சட்டமன்றங்கள் இந்தக் கேள்விக்கு வந்துசேர நெடுங்காலம் எடுத்தன. அவை வந்த வழியைத்தான் இக்கட்டுரையிலே சொல்லப் போகிறேன். அந்த வழியின் ஒரு பகுதி, நமது வடபுலத்துத் தேநீர்க் கடைகளின் வாசலூடாகச் செல்கிறது என்பது பலர் அறியாத செய்தி.

முற்காலத்து அரசாங்கங்கள் அங்கவீனரை நினைத்தபொழுதெல்லாம், அவரை எங்கே கொண்டுபோய் வைப்பது என்றே நினைத்தன. ஒல்லாந்தர் 1708இல் கொழும்புக்கு அண்மையிலே ஹெந்தலையில் குட்டநோயாளருக்கு விடுதி அமைத்தனர். ஆங்கிலேயர் 1901இல் குட்டநோயாளர் கட்டளைச் சட்டத்தை இயற்றி, அந்நோயுற்றோரை ஊரிலிருந்து பிரித்து வைத்தற்கு அதிகாரம் பெற்றனர். சிக்காகோ நகரத்திலே 1881இல் ஒரு விதி செய்தார்கள். அங்கம் சிதைந்தவர் எவரும் பிறர் காணும்படி தெருவிலே நிற்றல் குற்றமாம்! நாகரிகத்தின் சிகரம் என நாம் எண்ணும் தேசத்திலே அவ்விதி 1974வரையில் ஏட்டிலே இருந்தது.

பிரித்து வைத்தல் என்ற அதே எண்ணம் அன்போடு கலந்து வந்தபொழுது அது பள்ளிக்கூடமாயிற்று. சேர்ச் மிஷன் சங்கத்து மேரி சாப்மன் அம்மையார் 1912இல் தொடங்கிய பாடசாலையே இரத்மலானையிலே செவிப்புலனற்றோர்க்கும் கட்புலனற்றோர்க்கும் உரிய பெரும் பாடசாலையாக வளர்ந்தது. தமிழ்ப் பிள்ளைகளுக்கெனக் கைதடியிலே நவீல்ட் பாடசாலை 1956இல் எழுந்தது. இவற்றைக் குறைத்துச் சொல்வேனாயின் நன்றி கொன்றவனாவேன். எழுத்தைக் கையாலே தடவிப் படித்தவர், கையாலே பேசியவர் எத்தனையோ பேருக்கு வாழ்வு தந்தவை அவை. ஆயினும் ஒன்று சொல்லவேண்டும். பாடசாலைக்குள்ளே கைத்தடியின்றி நடந்து திரிந்த பிள்ளை, படித்து முடித்து வெளியே வந்து பஸ்ஸுக்குக் காத்து நின்றபொழுது, எந்த ஊருக்குப் போகும் பஸ் வருகின்றது என்பதைச் சொல்வாரின்றி நின்றது. தருமம் உள்ளே இருந்தது. தெரு வெளியே இருந்தது.

நிற்க. ‘டிசபிலிற்றி’ என்ற ஆங்கிலச் சொல்லைச் சற்று நோக்குவோம். இன்று அதனைக் கேட்டால் ஊன்றுகோலும் சில்லுக் கதிரையும் நம் மனத்திலே தோன்றும். ஆனால் பழைய ஆங்கிலச் சட்டத்திலே அச்சொல்லின் பொருள் வேறு. ஒருவனுடைய உடலிலே இல்லாத குறையைச் சட்டமோ வழக்கமோ அவன்மேல் ஏற்றிவைத்தால் அதுவே டிசபிலிற்றி. இங்கிலாந்திலே கத்தோலிக்கர் பாராளுமன்றத்தில் அமரக் கூடாதென்று இருந்த தடை அத்தகையது. 1829இல் அது நீக்கப்பட்டது. அக்கத்தோலிக்கருக்குக் கையும் காலும் நன்றாகத்தான் இருந்தன. தமிழிலே நாம் இதனைக் ‘குறைபாடு’ என்று மொழிபெயர்த்துக்கொண்டோம்.

இந்தச் சொல் தமிழ்நாட்டுக்கு வந்தது சாதியின் பொருட்டு. சென்னை மாகாண சட்டசபையிலே எம். சி. ராஜா அவர்கள் கொண்டுவந்த மசோதா, 1938இல் சிவில் குறைபாடுகள் நீக்கச் சட்டம் ஆயிற்று. பின்னர் 1950இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பின் 15ஆம் உறுப்புரை, கடைகளுக்கும் உணவுச்சாலைகளுக்கும் விடுதிகளுக்கும் களியாட்ட இடங்களுக்கும் செல்வதிலும், பொதுக் கிணறுகளையும் குளங்களையும் பயன்படுத்துவதிலும், சாதி முதலிய காரணங்களால் எந்தப் பிரசையும் ‘குறைபாடு, பொறுப்பு, கட்டுப்பாடு, நிபந்தனை’ எதற்கும் உட்படுத்தப்படலாகாது என விதித்தது. இந்நான்கு சொற்களையும் வாசகர் சற்று மனத்திலே வைத்துக்கொள்ளவேண்டும். பின்னே அவற்றை மீண்டும் காண்போம்.

நமது நாட்டிலே 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அதன் பெயரே சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம். ஒருவனைச் சாதி காரணமாகப் பாடசாலையிலிருந்தும், கடையிலிருந்தும், தேநீர்ச்சாலையிலிருந்தும், பொதுக் கிணற்றிலிருந்தும், வாகனத்திலிருந்தும், கோயிலிலிருந்தும் தடுப்பவன் அவன்மேல் ‘குறைபாட்டைச் சுமத்துகின்றான்’. அவ்வாறு சுமத்துவது தண்டனைக்குரிய குற்றம். குறைபாடு தடுக்கப்பட்டவனுடையதன்று, தடுத்தவன் சுமத்தியது என்பது இச்சட்டத்தின் அடிப்படை. தண்டியடிகளின் கயிற்றை இங்கே நினைத்துப் பார்க்கலாம்.

சட்டம் வந்தவுடன் வாசல் திறந்ததா? வடபுலத்து மூத்தோர் இதற்கு என்னிலும் நன்றாக விடை சொல்வார்கள். உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளிலே சம ஆசனம் வேண்டும் என்று 1929இல் முடிவாகியபொழுதே பாடசாலைகள் சில எரிக்கப்பட்டன. நல்லூர்க் கந்தசுவாமி கோயில் 1956இல் எல்லார்க்கும் திறந்தது, அது பெருமைக்குரியது. ஆயினும் கிராமத்துத் தேநீர்க் கடைகளிலே, சட்டம் அச்சாகி ஆண்டுகள் பல கழிந்தபின்னரும், ஒரு சாராருக்குச் சிரட்டையிலும் போத்தலிலும் தேநீர் கொடுக்கும் வழக்கம் இருந்தது. ஐம்பதுகளின் பிற்பகுதியிலே சிறுபான்மைத் தமிழர் மகாசபையார் யாழ்ப்பாண நகரத்துத் தேநீர்க் கடைகளுக்குள் நுழைந்து உட்காரத் தொடங்கினர். 1966 ஒக்டோபர் 21ஆந் தேதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஊர்வலம் புறப்பட்டது. பொலிசாரின் குண்டாந்தடி அதனை எதிர்கொண்டது. அடுத்த ஆண்டு தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கம் பிறந்தது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலிலே பிரவேசப் போராட்டம் நடந்தபொழுது, உள்ளே விடமாட்டோம் என்று நின்றவர்களுள் முன்னின்றவர் வவுனியாத் தொகுதியின் முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர் செ. சுந்தரலிங்கம் அவர்கள். கணிதப் பேராசிரியராயும் மந்திரியாயும் இருந்த அறிஞர் அவர். 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அவர்மேல் வழக்குத் தொடரப்பட்டது. அது மேன்முறையீட்டுக்கும் போயிற்று. 1971இல் பாராளுமன்றம் அச்சட்டத்தைத் திருத்தித் தண்டனையைக் கடுமையாக்கியது.

இவற்றை இங்கே ஏன் கிளறுகின்றாய் என்று பெரியோர் சிலர் கேட்கக்கூடும். பழம்புண்ணைக் கிளறும் விருப்பம் எனக்கில்லை. அங்கவீனருடைய உரிமைச் சட்டம் ஒன்று எப்படி வேலை செய்யும், எங்கே வேலை செய்யாது என்பதை அறிய, நமது சொந்த ஊரிலே வேறு பாடப்புத்தகம் இல்லை. சட்டம் பிறந்தது 1957இல். கடையின் வாங்கு கிடைத்தது பத்தாண்டு கழித்து. அதுவும் வாசலிலே போய் நின்றவர்களாலேயே கிடைத்தது.

1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு இந்தச் சட்டத்தின் சாரத்தை 12ஆம் உறுப்புரையிலே அடிப்படை உரிமையாக எழுதிவைத்தது. இனம், மதம், மொழி, சாதி, பால் ஆகிய காரணங்களால் எவரும் கடைகளுக்கும், பொது உணவுச்சாலைகளுக்கும், விடுதிகளுக்கும், களியாட்ட இடங்களுக்கும், தமது மத வழிபாட்டிடங்களுக்கும் செல்வதிலே குறைபாட்டுக்கு உட்படுத்தப்படலாகாது என்பது அதன் மூன்றாம் பிரிவு. ஆங்கில மூலத்தில் அங்கேயும் ‘டிசபிலிற்றி’ என்ற சொல்லே நிற்கின்றது. ஆனால் வேடிக்கையைப் பாருங்கள்! அந்தச் சொல் நிற்கும் அதே வசனத்திலே, காரணங்களின் பட்டியலில், அங்கவீனம் இல்லை. நான்காம் பிரிவிலே மாத்திரம், பெண்கள், பிள்ளைகள், அங்கவீனர் ஆகியோரின் முன்னேற்றத்துக்காக விசேட ஏற்பாடு செய்வதற்குத் தடையில்லை என்றார்கள். தடையில்லை என்பது வேறு, கடமை என்பது வேறு. ‘உங்களுக்குச் சோறு போடுவதற்கு எனக்குத் தடையில்லை’ என்று சொல்லும் வீட்டிலே யார் போய்க் கை நனைப்பார்?

ஏறக்குறைய அதே காலத்தில் வெளியுலகத்திலே வேறொரு பேச்சு எழுந்தது. இங்கிலாந்திலே உடற்குறையுற்றோர் சிலர் தாமே கூடி அமைத்த சங்கம் 1976இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. உடலிலே உள்ள குறை வேறு, இயலாமை வேறு. இயலாமையை எங்கள்மேல் சுமத்துவது சமுதாயமே என்பது அதன் கருத்து. நமது 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாதமும் இதுவேயன்றோ! அமெரிக்காவிலே நீக்ரோ மாணவர் 1960இல் உணவுச்சாலை வாங்குகளிலே உட்கார்ந்து நடத்திய போராட்டம் 1964ஆம் ஆண்டு சிவில் உரிமைச் சட்டத்துக்கு வழி திறந்தது. அச்சட்டத்தின் வாசகங்களைப் பின்பற்றியே அங்கவீனருக்கான விதி 1973இல் எழுதப்பட்டது. அது வெறும் ஏடாகக் கிடந்தபொழுது, 1977இல் சான் பிரான்சிஸ்கோ நகரத்து அரச கந்தோர் ஒன்றினுள்ளே சில்லுக் கதிரையிலே வந்தவர்கள் மூன்று வாரத்துக்கு மேலாக வெளியேறாமல் இருந்தார்கள். 1990 மார்ச்சிலே, வாஷிங்டனில் சட்டமன்றத்தின் கற்படிகளிலே ஊன்றுகோலையும் கதிரையையும் கீழே விட்டுவிட்டுத் தவழ்ந்து ஏறினார்கள். அவ்வாண்டு ஜூலை 26ஆந் தேதி அமெரிக்க அங்கவீனர் சட்டம் ஒப்பமாயிற்று. ஐக்கிய நாடுகள் சபை 1981ஐ அங்கவீனர் ஆண்டாகக் கொண்டாடியதும், 2006 டிசம்பர் 13இல் உரிமைச் சமவாயத்தை ஏற்றதும் இதன் கிளைகள். இலங்கை அச்சமவாயத்தில் 2007இல் கையொப்பமிட்டு, 2016 பெப்ரவரியில் அதனை உறுதிப்படுத்தியது.

இலங்கையின் சொந்தச் சட்டம் அதற்கு முன்னரே வந்துவிட்டது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், அங்கவீனமுற்றோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம். அதன் 23ஆம் பிரிவு, வேலைக்குச் சேர்ப்பதிலும் கல்விநிலையத்திலே அனுமதிப்பதிலும் அங்கவீனம் காரணமாகப் பாரபட்சம் கூடாது என்கிறது. அதே பிரிவின் இரண்டாம் பகுதியைக் கவனியுங்கள். பொதுமக்கள் எவரேனும் செல்லக்கூடிய, அல்லது பயன்படுத்த உரித்துள்ள கட்டிடம் அல்லது இடம் எதற்கும், கட்டணம் உண்டாயினும் இல்லையாயினும், அங்கவீனமுற்றவர் செல்வதிலோ பயன்படுத்துவதிலோ ‘பொறுப்பு, கட்டுப்பாடு, நிபந்தனை’ எதற்கும் உட்படுத்தப்படலாகாது.

முன்னே மனத்திலே வைத்துக்கொள்ளச் சொன்ன நான்கு சொற்களில் மூன்று இங்கே வரிசை பிசகாமல் நிற்கின்றன. இல்லாதது ‘குறைபாடு’ என்ற முதற்சொல் ஒன்றுதான். அங்கவீனரைப் பற்றிய வசனத்திலே அச்சொல்லை இட்டால் பொருள் மயங்கும் என்று விட்டிருப்பார்கள் போலும். கிணற்றடியிலும் தேநீர்க் கடையிலும் தடுக்கப்பட்டவருக்காக வார்த்த அச்சிலேதான் இந்தச் சட்டமும் வார்க்கப்பட்டது என்பதற்கு இதனிலும் நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

இங்கேதான் ஒரு சிக்கல் பிறக்கின்றது. தேநீர்க் கடையின் வாசலிலே தடுத்தது ஒரு மனிதனுடைய கை. அந்தக் கையை விலக்கினால் வாசல் திறந்துவிடும். ஒரு சல்லியும் செலவில்லை. சில்லுக் கதிரையிலே வருபவரைத் தடுப்பது கை அன்று, மூன்று படிகள். படியின்மேல் எந்தப் பொலிஸ்காரன் வழக்குப் போடுவான்? கடைக்காரர் ‘வாருங்கள், வாருங்கள்’ என்று சிரித்த முகத்தோடு அழைக்கின்றார். அவர் குணத்திலே ஒரு பழுதும் இல்லை. பழுது சீமெந்திலே இருக்கின்றது. ஆகையால் இச்சட்டத்துக்கு நீதவான் மாத்திரம் போதாது; மேசனும் வேண்டும், அளவுகோலும் வேண்டும்.

அந்த அளவுகோல் 2006 ஒக்டோபர் 17ஆந் தேதி வர்த்தமானியிலே வந்த அணுகும் வசதி ஒழுங்குவிதிகள். பொதுக் கட்டிடங்கள், பொது இடங்கள், பொதுச் சேவைகள் யாவும் அங்கவீனர் அணுகும்படி மூன்று ஆண்டுக்குள் திருத்தப்படவேண்டும் என்றது அது. சாய்தளம் பற்றி உலகமெங்கும் ஒப்புக்கொண்ட கணக்கு ஒன்று உண்டு. ஓரடி உயரம் ஏறப் பன்னிரண்டடி நீளம் வேண்டும். ஏழு அங்குலப் படி இரண்டு இருந்தால் உயரம் பதினான்கு அங்குலம். எனவே பதினான்கடி நீளச் சாய்தளம். நமது பகுதியிலே ‘சாய்தளம் கட்டியாயிற்று’ என்று காட்டப்படும் சிலவற்றை நான் அடியளந்து பார்த்திருக்கின்றேன். பதினான்கடி வேண்டிய இடத்திலே ஐந்தடி இருக்கும். மோட்டார்ச் சைக்கிளை உருட்டி ஏற்ற அது நன்றாக உதவுகின்றது.

மூன்றாண்டுத் தவணை முடியுமுன்னரே 2009இல் திருத்தம் ஒன்று வந்து தவணை நீண்டது. அந்த 2009 நமக்கு எத்தகைய ஆண்டு என்பதை இம்மலர் படிப்போர்க்கு நான் சொல்லவேண்டியதில்லை. மே மாதம் போர் முடிந்தபொழுது முல்லைத்தீவு மாவட்டத்திலே நின்ற கட்டிடங்கள் எத்தனை? ஏற்கெனவே 2004 டிசம்பர் 26இல் கடல் கொண்டது ஒரு பங்கு; எஞ்சியதை ஷெல் கொண்டது. மீள்குடியேற்றத்தின் பின் பாடசாலை, வைத்தியசாலை, பிரதேச செயலகம், சங்கக்கடை, உபதபாற் கந்தோர், வாசிகசாலை என்று யாவும் ஏறக்குறைய அத்திவாரத்திலிருந்து எழுந்தன. பழைய கட்டிடம், இடிக்க முடியாது, காசில்லை என்று கொழும்பிலே ஒருவர் சாட்டுச் சொன்னால் அதற்கு ஓரளவு நியாயம் உண்டு. வன்னியிலே அந்தச் சாட்டு எடுபடாது. நமது கட்டிடங்களுக்கு ஒழுங்குவிதி தமையன், கட்டிடம் தம்பி.

அவ்விதி இங்கேதான் மிகவும் வேண்டியிருந்தது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி நாடு முழுவதிலும் ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்கு 8.7 பேர் ஏதோ ஒரு செயலிலே இடர்ப்படுவோர். போர் நடந்த நிலத்திலே கணக்கைப் பார்க்கவேண்டியதில்லை. கரைவலை இழுக்கும் வரிசையைப் பார்த்தாலே போதும். கால் இழந்தோர்க்கு ஜெய்ப்பூர்க் கால் பெரும் உபகாரம். சப்பாத்தின்றி நடக்கவும், சப்பாணிகட்டி உட்காரவும், நனைந்த நிலத்திலே நிற்கவும் ஏற்றதாக 1968இல் ஜெய்ப்பூரிலே ராம்சந்தர் சர்மா என்ற கைவினைஞரும் வைத்தியர் சேத்தியும் ஆக்கியது அது. யாழ்ப்பாணத்திலே ஜெய்ப்பூர் நிலையம் 1987 முதல் அதனைச் செய்து கொடுத்து வருகின்றது. முள்ளந்தண்டு வடம் பாதிப்புற்றோர் தாமே சேர்ந்து மாங்குளத்திலே ‘உயிரிழை’ என்ற அமைப்பை நடத்துகின்றனர். ஆனால் செயற்கைக் கால் கடற்கரை மணலிலே புதையும். சில்லுக் கதிரை அதிலே அசையாது. நாயாற்றிலே இருப்பவருக்குத் தெருவுக்கு வருவதே முதற்போராட்டம். அதற்கப்பால் முல்லைத்தீவுப் பட்டினத்துக்குப் போகும் பஸ்ஸின் முதற்படி முழங்காலுக்கு மேலே நிற்கின்றது.

என் அம்மான் ஒருவர் இறுதிப்போரிலே வலது காலையும் இடது காலின் பாதியையும் இழந்தவர். ஒரு சமயம் உதவிப்பணத்துக்குரிய பத்திரத்திலே கையொப்பம் வைப்பதற்காக அவரை ஓர் அரச கந்தோருக்குக் கொண்டுபோனோம். எந்தக் கந்தோர் என்பது வேண்டாம். வெள்ளம் வராதிருக்க உயர்த்திக் கட்டிய புதுக் கட்டிடம், ஏழு படி. மாரிகாலத்து வன்னியை அறிந்தவர் அந்த உயரத்தைக் குறைசொல்லார். உத்தியோகத்தர் நல்லவர். ‘ஐயா மேலே வரவேண்டாம், நான் கீழே வந்து ஒப்பம் எடுக்கிறேன்’ என்று பத்திரத்தோடு வெயிலிலே இறங்கி வந்தார். நான் நன்றி சொன்னேன். அம்மான் சொல்லவில்லை. திரும்பி வரும்பொழுது, ‘எல்லாரையும் மேலே இருத்திப் பேசினவர், என்னை முத்தத்திலே வைச்சுப் பேசினவர்’ என்றார். அவர் பழைய காலத்து மனிதர். முற்றத்திலே வைத்துப் பேசுவது என்றால் என்ன என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

தென்னிலங்கையிலே இதே வெப்பிசாரத்தை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனவர் கலாநிதி அஜித் பெரேரா. இரசாயனவியலாளர், கிரிக்கெட் மத்தியஸ்தராயும் இருந்தவர். 1992இல் அவர் சென்ற மோட்டார் வண்டியின்மேல் தெருவோர மரம் ஒன்று விழ, இடுப்பின் கீழ் இயக்கம் இழந்தார். சில்லுக் கதிரையிலே அமர்ந்த பின்னரே, தாம் அதுவரையில் சாதாரணமாக ஏறிச்சென்ற வங்கிகளும் கடைகளும் மூடிய கோட்டைகள் என்று கண்டார். 2009இல் அடிப்படை உரிமை மனு ஒன்றை உயர் நீதிமன்றத்திலே தாக்கல் செய்தார். 2011 ஏப்ரில் 27ஆந் தேதி மன்று கட்டளை பிறப்பித்தது. பொதுமக்கள் செல்லும் புதுக் கட்டிடங்களிலும் அவற்றின் மலசலகூடங்களிலும் ஒழுங்குவிதிக்கமைய நியாயமான அணுகும் வசதி கட்டாயம் இருத்தல் வேண்டும். தவறுவது தண்டனைக்குரிய பாரதூரமான குற்றம். மலசலகூடம் என்று மன்று தனியே எடுத்துச் சொன்னதைச் சிறுவிஷயமாகக் கருதற்க. வாசலிலே சாய்தளம் கட்டி உள்ளே அதனை மறந்தால், நாள் முழுவதும் காத்திருக்கவேண்டிய கந்தோருக்கு ஒருவர் தண்ணீர் குடியாமலே வரவேண்டும். கட்டளை நடைமுறையாகாதது கண்டு பெரேரா அவர்கள் 2018இல் மறுபடியும் மன்றேறினார். ‘நீதிமன்றப் படியேறினார்’ என்று எழுத வந்தேன். நமது மொழியிலேயே எத்தனை படிகள்! அவ்வழக்கின் தீர்ப்பு 2019இல் வந்தது. அடுத்த ஆண்டிலே அவர் காலமானார்.

இந்தியாவின் கதையும் இதுவே, நீளம் மாத்திரம் கூட. கண்பார்வையற்ற ராஜீவ் ரத்தூரி என்பவர் 2005இல் தொடுத்த வழக்கிலே 2017 டிசம்பரில் டில்லி உச்சநீதிமன்றம் விரிவான கட்டளைகள் இட்டது. 2024 நவம்பர் 8ஆந் தேதி அதே மன்று, அணுகும் வசதி பற்றிய விதி வெறும் வழிகாட்டியாக, விரும்பினால் பின்பற்றலாம் என்ற தோரணையில் இருப்பது தாய்ச்சட்டத்துக்கு முரண் என்று கூறி அவ்விதியைச் செல்லாததாக்கியது. சென்னையிலே மெரீனாக் கடற்கரையில் மணலின்மேல் மரப்பலகையாலே நிரந்தரப் பாதை ஒன்று 2022 நவம்பரில் திறக்கப்பட்டது. சில்லுக் கதிரையிலே வந்தவர்கள் அலையருகே போய்க் கடலைப் பார்த்தார்கள். இரு கிழமையிலே மாண்டூஸ் புயல் வந்து பாதையைச் சிதைத்தது, பிறகு செப்பனிட்டார்கள். கடற்கரைக் கிராமத்தவராகிய நமக்கு இச்செய்தி மற்ற எல்லாத் தீர்ப்புகளிலும் சுவையானது. மணலிலும் வழி போடலாம். புயல் வந்தால் மறுபடியும் போடலாம்.

சட்டத்தை நம்மூரவர் பயன்படுத்த வழி உண்டா? உண்டு. 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24ஆம் பிரிவின்படி பாதிக்கப்பட்டவர் மாகாண மேல் நீதிமன்றத்திலே மனுச் செய்யலாம். கடை முதலிய தனியார் இடங்களுக்கும் இவ்வழி பொருந்தும். தடுத்தது அரச கந்தோராயின் உயர் நீதிமன்றத்துக்கு அடிப்படை உரிமை மனு உண்டு. ஆனால் ஒரு மாதத்துக்குள் செய்யவேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள்ளே மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு எழுதினால், விசாரணை நடக்கும் காலம் அம்மாதக் கணக்கிலே சேராது. அம்முறைப்பாட்டுக்குச் சட்டத்தரணி வேண்டியதில்லை, முத்திரைக் கட்டணம் இல்லை. ஒரு கடிதம் போதும். இந்த ஒரு மாத விஷயத்தை அறியாமலே நல்ல வழக்குகள் செத்துப்போகின்றன. ஆதலால் இதனை மட்டுமாவது வாசகர் எங்கேனும் குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

வழக்குக்கு முந்திய வழியும் ஒன்று உண்டு. அது மலிவானது. கட்டிடம் எழுமுன் அதன் வரைபடத்தை அங்கீகரிப்பது பிரதேச சபை. எழுந்தபின் இணக்கச் சான்றிதழ் கொடுப்பதும் அதுவே. வரைபடத்திலே ஒரு கோடு கூடக் கீறினால் தீர்ந்துபோகும் காரியம், கட்டி முடித்தபின் ஒரு சுவரை இடித்தாற்றான் தீரும். படியின்மேல் வழக்குப் போட முடியாது என்று முன்னே சொன்னேன். ஆனால் படிக்கு ஒப்பமிட்ட கை ஒன்று உண்டு.

இனி, நமது சொந்த வாசல்கள். 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாசகத்தை உள்ளவாறே வாசித்தால், பொதுமக்கள் செல்லும் இடம் என்பதிலே கோயிலும் அடங்கும், சங்க மண்டபமும் அடங்கும். கருவறைக்கும் கொடிமரத்துக்கும் இடையேயுள்ள ஆகம விதிகளை ஆராயும் தகுதி எனக்கில்லை. குருக்கள்மாரும் பெரியோரும் பேசித் தீர்க்கவேண்டியது அது. ஆனால் வெளிவீதிக்கும், அன்னதான மடத்துக்கும், கைகால் கழுவும் குழாயடிக்கும், வாசிகசாலைக்கும் எந்த ஆகமமும் குறுக்கே நிற்கவில்லை. இரட்டைப் புலவர் கதையை நாம் மிகவும் ரசித்துச் சொல்கிறோம். கண்ணில்லாதவர் தோளிலே காலில்லாதவர் ஏறிக்கொள்ள, இருவரும் கோயில் கோயிலாகப் போய்க் கவி பாடினார்களாம். அழகிய கதைதான். அந்தக் கோயில்களிலே ஒன்றாவது ஒரு படியைக் குறைத்ததா என்று மாத்திரம் ஒருவரும் கேட்டதில்லை.

சென்ற விடுமுறையிலே நானும் தோழர் இருவரும் ஓர் அளவுநாடாவோடு நம்மூரிலும் அயலிலும் மக்கள் நாடோறும் போகும் பதினொரு வாசல்களை அளந்தோம். படியே இல்லாத வாசல் ஒன்று. அது மீன் நிறுக்கும் வாடி. சாய்தளம் உள்ளவை மூன்று. அவற்றுள் கணக்குக்குச் சரியாக அமைந்தது ஒன்று. மற்ற ஏழிலும் படி மாத்திரமே. நமது சங்க மண்டபத்துக்கு மூன்று படி, உயரம் இருபது அங்குலம், வேண்டிய சாய்தளம் இருபதடி. முன்வளவிலே கிணற்றுப் பக்கமாக இருபத்தாறடி வெறும் நிலம் கிடக்கின்றது. அளவுகளையும் ஒரு வரைபடத்தையும் செயலாளரிடம் கொடுத்திருக்கின்றோம். கல்லும் மணலும் உள்ளூரிலே உண்டு. சீமெந்து பன்னிரண்டு பை போதும் என்று மேசன் சொன்னார்.